தோற்றாலும் சோறு இருக்கட்டும்

புதிய விதை, புதிய முறை என்று சொன்னதும் எங்கள் வெருகலில் ஒரு கமக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அவரைப் பயந்தாங்கொள்ளி என்று நினைப்பது பெரிய அநியாயம். அவருடைய பயத்துக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. மகாவலி கங்கை கடலைச் சேருமுன் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை மூதூர்ப் பக்கமாகக் கொட்டியாரக் குடாவுக்குப் போகிறது. மற்றது வெருகலாறாகி எங்கள் ஊர்களைத் தொட்டுக்கொண்டு கிழக்கே கடலில் விழுகிறது. மலைநாட்டில் மழை அடித்துப் பெய்தால், எங்கள் வானம் வெளுத்துக் கிடந்தாலும் வயலுக்குள் தண்ணீர் ஏறும்.

1978 நவம்பரில் கிழக்கைச் சிதைத்த சூறாவளியைக் கண்ட முதியவர்கள் இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26ஆம் தேதி கடல் வந்தது. 2006இல் மாவிலாற்றில் தொடங்கிய போரில் எங்கள் ஈச்சிலம்பற்றுச் சனம் உடுத்த துணியோடு வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் ஓடியது. திரும்பி வந்தபோது மாடும் இல்லை, விதைநெல்லும் இல்லை, பலருக்கு வீடும் இல்லை. மீண்டும் விதைத்து, ஒருவாறு நிமிர்ந்த வேளையில், 2011 தொடக்கத்து வெள்ளம் வெட்டுக்கு நின்ற வேளாண்மையை மூடியது.

நான் இந்த மண்ணில் பிறந்தவள். விவசாயப் போதனாசிரியராக இந்தப் பக்கத்து வட்டைகளில்தான் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி போனது. இப்போது ஓய்வில் இருக்கிறேன். தோல்விப் பயத்தை வெல்வது பற்றிப் பேச்சாளர்கள் பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் அந்த வட்டைகளுக்கே போகிறது. “துணிந்து இறங்குங்கள், உங்களை நம்புங்கள்” என்கிறார்கள். அந்தப் பேச்சால் ஒரு வரம்பைத் தாண்டிய கமக்காரரைக்கூட நான் கண்டதில்லை. புதியதைச் செய்து பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தால்தான் செய்தார்கள். தோற்றாலும் வீட்டில் சோறு இருக்கும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. பயத்தைக் குறைக்க வேண்டுமானால் தோல்வியின் அளவைக் குறைக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

பிழைச்சால் ஆர் தாறது?

நெல் விதைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் வீசி விதைப்பதுதான் வழக்கம். ஏக்கருக்கு மூன்று புசல், நாலு புசல் என்று அள்ளி வீசுவார்கள். விவசாயத் திணைக்களத்தின் சிபாரிசோ கெக்டேயருக்கு ஏறத்தாழ 100 கிலோ, அதாவது ஏக்கருக்கு இரண்டு புசல் அளவு. குறைவாக விதைத்தால் பயிருக்கு இடம் கிடைக்கும், மட்டம் நன்றாக வெடிக்கும், விதைநெல்லும் மிச்சம். இதைக் கூட்டம் கூட்டமாகச் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். விதைப்பன்று போய்ப் பார்த்தால் பழைய நாலு புசல்தான்.

ஒருமுறை கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, தாடி நரைத்த ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். என் அப்பாவோடு வயல் செய்தவர். “பிள்ள, நீ சொல்றது நல்லம். படிச்சனீ, பொய் சொல்லமாட்டாய். ஆனா பிழைச்சுதெண்டால் எனக்கு ஆர் நெல் தாறது? உன்ர கந்தோரா?” என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை, உண்மையிலேயே விடை தேடித்தான் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை.

அவர் கேட்டதையே அறிஞர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். தென்கிழக்கு ஆசியக் குடியானவர்களைப் பற்றி ஜேம்ஸ் ஸ்காட் 1976இல் எழுதிய நூலின் மையக் கருத்து இதுதான்: பசியின் விளிம்பில் வாழ்பவர் அதிக விளைச்சலைத் தேடுவதில்லை, வருடம் தவறாமல் கிடைக்கும் விளைச்சலைத் தேடுகிறார். நல்ல வருடத்தில் பத்து மூடை கூடுதலாக வருவதைவிட, கெட்ட வருடத்தில் குடும்பம் பட்டினி கிடக்காமல் இருப்பதே அவருக்குப் பெரிது. மூன்று வருடம் கழித்து, 1979இல், டானியல் கானமனும் ஏமஸ் டிவெர்ஸ்கியும் எல்லா மனிதருக்கும் பொதுவான ஓர் இயல்பை விளக்கினார்கள். கையில் இருப்பதை இழக்கும் வலி, அதே அளவு இலாபம் தரும் மகிழ்ச்சியைவிடக் கூடியது. பின்னாளில் அவர்களே அதை ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கணித்தார்கள். வசதியானவருக்கே அப்படியென்றால், இரண்டு ஏக்கரை நம்பிப் பிள்ளைகளை வளர்ப்பவருக்கு எப்படி இருக்கும்!

ஆகவே தோல்விப் பயம் உள்ளவருக்குப் புத்தி சொல்லுமுன், அவர் தோற்றால் எதை இழப்பார் என்று பார்க்க வேண்டும். பல நேரங்களில் அந்தப் பயம் அவருடைய குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கும்.

ஒரு வரவை மட்டும்

அந்தப் பெரியவரிடம் பிறகு வேறு விதமாகக் கேட்டேன். “மாமா, முழு வயலும் வேண்டாம். மூலையில் இருக்கிற அந்த ஒரு வரவையில் மட்டும் விதையைக் குறைச்சுப் பாருங்கோ. மற்றதெல்லாம் உங்கட வழமைப்படி.” அவர் நிலத்தை ஒருதரம் பார்த்தார். “அதென்ன, பிழைச்சாலும் கோழி திண்டதா நினைக்கலாம்” என்று சம்மதித்தார்.

முதல் வாரங்களில் அந்த வரவை வெறிச்சோடித்தான் கிடந்தது. வரம்பால் போகிறவர்கள் நின்று விசாரித்தார்கள். அவர் மனைவியும் ஏசினார். பிறகு மட்டம் வெடிக்கத் தொடங்கியது. குடலைப் பருவத்தில் பக்கத்து வரவைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. வேளாண்மை வெட்டின்போது இரண்டையும் தனித்தனியாக அடித்து அளந்தோம். விளைச்சல் பெரிதாகக் கூடவில்லை, குறையவும் இல்லை. ஆனால் விதைநெல்லில் பாதி மிச்சம். அடுத்த பெரும்போகத்தில் அவர் நான் சொல்லாமலே ஓர் ஏக்கரில் விதையைக் குறைத்தார். அதன்பிறகு அவரைப் பார்த்து மற்றவர்கள். நான் வருடக்கணக்காகக் கூட்டத்தில் சொன்னது செய்யாததை அந்த ஒரு வரவை செய்தது.

இது எங்கள் ஊருக்கு மட்டுமான குணம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1928 முதல் கலப்பினச் சோள விதை விற்பனைக்கு வந்தது. விளைச்சல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். வறட்சியையும் தாங்கியது. ஆனாலும் அது பரவப் பல வருடங்கள் எடுத்தன. பிரைஸ் ரயன், நீல் குரோஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்கே இரண்டு ஊர்களில் 259 விவசாயிகளைச் சந்தித்து, 1943இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். இருவரைத் தவிர எல்லோரும் இறுதியில் புதிய விதைக்கு மாறியிருந்தார்கள். ஆனால் எடுத்த எடுப்பில் முழு நிலத்திலும் விதைத்தவர்கள் மிகச் சிலரே. பெரும்பாலானோர் முதலில் ஒரு சிறு துண்டில் விதைத்துப் பார்த்து, வருடா வருடம் கூட்டிக்கொண்டு போனார்கள். பணக்கார நாட்டு விவசாயியும் எங்கள் பெரியவரும் ஒரே வழியில்தான் நடந்திருக்கிறார்கள்.

அதே அயோவாவில் ஒரு விவசாயி அந்தச் சோளத்தைத் தொட மறுத்தார். புதிய இயந்திரங்கள் என்றால் அவருக்கு ஆசை. விதை என்றால் மட்டும் நம்பிக்கை இல்லை. 1936இல் கடும் வறட்சி வந்தது. அயலவரின் கலப்பினச் சோளம் நிமிர்ந்து நிற்க, அவருடைய பயிர் வாடி விழுந்தது. அதைப் பார்த்து வளர்ந்த அவருடைய மகன்தான் எவரெட் ரோஜர்ஸ். புதியவை மக்களிடையே எப்படிப் பரவுகின்றன என்று 1962இல் அவர் எழுதிய நூலை உலகெங்கும் விரிவாக்கல் உத்தியோகத்தர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஒரு புதிய விடயம் மக்களிடம் சேர வேண்டுமானால், அதைச் சிறிய அளவில் செய்து பார்க்க வழி இருக்க வேண்டும் என்பது அந்த நூல் சொல்லும் முக்கியமான நிபந்தனைகளில் ஒன்று. தகப்பனின் பயத்தை மகன் இகழவில்லை, அதை விளங்கிக்கொள்ள வாழ்நாளைக் கொடுத்தார்.

ஊர் பார்க்கும் என்ற பயம்

நட்டத்துக்குப் பயப்படுவது ஒருபுறம். நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்களே என்ற பயம் மறுபுறம். இந்த இரண்டாவது பயம் பெண்களிடம் கூடுதலாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். போரில் கணவரை இழந்து, தனியாக வயல் பார்க்கும் பெண்கள் எங்கள் பகுதியில் பலர். ஓர் ஆண் தோற்றால் “இந்த முறை சரிவரவில்லை” என்பார்கள். இந்தப் பெண்கள் தோற்றால் “பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை” என்பார்கள். இந்தச் சொல்லுக்குப் பயந்தே எத்தனையோ நல்ல யோசனைகள் அடுப்படியோடு நின்றுபோயின.

பெரும்போகம் வெட்டியபின் சிறுபோகம் தொடங்குமுன் வயல் சில வாரங்கள் சும்மா கிடக்கும். அந்த இடைப்போகத்தில், மண்ணில் மிஞ்சிய ஈரத்தை வைத்துப் பயறு போடலாம். எம்.ஐ. 6 போன்ற இனங்கள் ஏறத்தாழ 60 நாளில் காய்த்துவிடும், மண்ணுக்கும் தழைச்சத்துச் சேரும். இதைச் செய்து பார்க்க ஒரு தங்கச்சி முன்வந்தாள். ஆனால் வீதியோரத் துண்டைக் கொடுக்க மறுத்து, பற்றைக்கு அப்பால் உள்ளே கிடந்த நிலத்தைக் காட்டினாள். “மிஸ், இதுக்குள்ள எண்டால் ஒருத்தரும் காணமாட்டினம்” என்றாள். உத்தியோகத்தர்களான நாங்கள் மாதிரித் துண்டத்தை எப்போதும் வீதியோரத்தில்தான் போடுவோம். அவள் கேட்டதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது. கற்றுக்கொள்கிறவருக்கு யாரும் பார்க்காத ஓர் இடம் வேண்டும்.

அந்தப் பயறு பூக்கும்போதே கட்டாக்காலி மாடுகள் புகுந்து முக்கால்வாசியைத் தின்றுவிட்டன. அவள் அழவில்லை. போட்டது சில கிலோ விதை மட்டுமே. தின்னாமல் விட்ட மூலையில் காய் நன்றாகப் பிடித்திருந்தது. பயறு இந்த மண்ணுக்குச் சரிதான், மாட்டுக்குத்தான் வழி பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு விளங்கியது. அடுத்த முறை பக்கத்துப் பக்கத்து வயற்காரப் பெண்கள் சேர்ந்து ஒன்றாக விதைத்தார்கள், ஒன்றாக வேலி அடைத்தார்கள், முறை வைத்துக் காவல் இருந்தார்கள். பயறு வீடு வந்தது. எல்லோரும் சேர்ந்து செய்ததால், பிழைத்திருந்தாலும் ஒருத்தியை மட்டும் சுட்டிப் பேச ஊருக்கு இடம் இருந்திருக்காது.

இந்தோனேசியாவில் இதே வழியை ஒரு நாடே கைக்கொண்டது. நாங்கள் அறக்கொட்டியான் என்று சொல்லும் தத்திப் பூச்சி அங்கே நெல்லை அழித்தது. மருந்து அடிக்க அடிக்க, அந்தப் பூச்சியைத் தின்னும் சிலந்தியும் வண்டும் செத்து, அறக்கொட்டியான்தான் பெருகியது. 1986இல் அரசு நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்து வகைகளைத் தடைசெய்தது. ஆனால் மருந்தில்லாமல் விவசாயம் செய்யக் கமக்காரருக்குப் பயம். 1989 முதல் ஐ.நா. உணவு, விவசாய நிறுவனத்தின் துணையோடு வயற் பாடசாலைகள் தொடங்கின. இருபது, முப்பது பேர் கொண்ட குழு, போகம் முழுவதும் வாரத்துக்கு ஒருநாள் வயலில் கூடும். மருந்து அடித்த துண்டும் அடிக்காத துண்டும் அருகருகே இருக்கும். பூச்சிகளை எண்ணுவார்கள், வரைவார்கள், விவாதிப்பார்கள். யாரும் யாருக்கும் உபதேசம் செய்வதில்லை. அங்கே பிழைப்பது பாடசாலையின் துண்டு, எந்தக் குடும்பத்தின் சோறும் இல்லை. இலங்கை உட்பட ஆசியாவின் பல நாடுகளுக்கு இந்த முறை பரவியது.

சிறியதாக இல்லாத தோல்வி

தோல்வியை ஒருவர் மேல் மொத்தமாகச் சுமத்தினால் என்ன ஆகும் என்பதையும் நாங்கள் கண்டோம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நாடு முழுவதும் ஒரேயடியாகத் தடைசெய்தார்கள். சேதனப் பசளை கெட்டதல்ல. ஒரு வரவையில், பிறகு ஓர் ஏக்கரில், பிறகு ஒரு கண்டத்தில் என்று படிப்படியாகப் போயிருந்தால் பலர் தாங்களாகவே மாறியிருப்பார்கள். செய்து பார்க்க ஒரு துண்டும் இல்லாமல் முழு நாட்டையும் இறக்கிவிட்டார்கள். நவம்பரில் தடை நீங்கியது, ஆனால் அந்தப் பெரும்போகத்தின் நெல் விளைச்சல் முந்திய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வீழ்ந்தது. இன்று சேதனப் பசளை என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் கமக்காரர் எழுந்து போகிறார்கள். பெரிய தோல்வி ஒன்று, நல்ல யோசனையைக்கூட ஒரு தலைமுறைக்குத் தள்ளிப்போட்டுவிடும்.

நுண்கடனும் அப்படித்தான். சுயதொழில் தொடங்குங்கள் என்று சொல்லி, வாராவாரம் கட்ட வேண்டிய கடனைப் பெண்களிடம் கொடுத்தார்கள். கோழி செத்தாலும் தவணை சாகாது. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் என்று போய், ஊரை விட்டே ஒளித்த குடும்பங்கள் உண்டு. 2018இல் அரசு, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற 100,000 ரூபாய் வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. கடன் எடுத்துச் செய்யும் முதல் முயற்சியில், தோற்றவர் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை, அதற்கும் கீழே போகிறார். ஆகவே எந்தப் புதிய தொழிலானாலும் முதல் முயற்சியைக் கடன் காசில் செய்ய வேண்டாம் என்று என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு நான் கண்டிப்பாகச் சொல்வேன்.

விழுந்தால் தாங்க ஆள் இருந்தால் மனிதர்கள் தாமாகவே துணிகிறார்கள் என்பதற்குச் சான்று உண்டு. கானா நாட்டின் வடபகுதிக் கமக்காரரிடம் டீன் கார்லனும் மற்றவர்களும் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்குப் பணம் கொடுத்தார்கள், சிலருக்கு மழை பிழைத்தால் ஈடு தரும் காப்புறுதி கொடுத்தார்கள். காப்புறுதி கிடைத்தவர்கள், கையில் புதிதாகப் பணம் வராமலே, வயலில் கூடுதலாகச் செலவிட்டார்கள், துணிச்சலான பயிர்களைத் தேர்ந்தார்கள். தடையாக இருந்தது பணத் தட்டுப்பாட்டைவிட இழப்புப் பயம்தான்.

எங்கள் பாலமும் ஒருவகைக் காப்புறுதிதான். 2011இல் திருகோணமலை – மட்டக்களப்பு வீதியில் வெருகல் பாலம் திறக்கும்வரை ஆற்றைக் கடக்க மிதவைப் பாதைதான். ஆறு பெருகினால் அதுவும் ஓடாது. கத்தரியும் தக்காளியும் கரையிலேயே அழுகும். பாலம் வந்தபின் காலையில் பிடுங்கிய மரக்கறி அன்றே சந்தைக்குப் போகிறது. அதன்பிறகுதான் பலர் நெல்லோடு மரக்கறியும் செய்து பார்க்கத் துணிந்தார்கள். அவர்களின் மனம் மாறக் காரணம், விளைந்தது வீணாகாது என்ற உறுதி.

வயலுக்கு வெளியே

இது வயலுக்கு மட்டும் பொருந்தும் பாடமல்ல. சாதாரண தரம் எழுதிய பிள்ளை, உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு எடுக்கப் பயப்படுகிறது. “பயப்படாதே” என்று சொல்லிப் பயனில்லை. பெறுபேறு வரும்வரை கிடைக்கும் மாதங்களில், தெரிந்த அக்கா ஒருவரிடம் பௌதிகவியலில் ஓர் அலகைப் படித்துப் பார்க்கட்டும். பிடிக்காவிட்டால் இழப்பு ஒன்றுமில்லை. தையல் கடை போட நினைப்பவள், முதலில் அயல் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சீருடை தைத்துக் கொடுத்துப் பார்க்கட்டும். ஐம்பது வயதில் கணினி கற்க வெட்கப்படுபவர், பேரப்பிள்ளையை அருகில் வைத்து வீட்டிலேயே தொடங்கட்டும்.

என் அனுபவத்தில் நாலு விடயங்கள் உதவியிருக்கின்றன. முதலாவது, இறங்குமுன் முழுவதும் போனால் எவ்வளவு போகும் என்பதைக் காசிலும் நாளிலும் எழுதிப் பார்க்க வேண்டும். மனதுக்குள் இருக்கும்வரை பயத்துக்கு அளவில்லை. தாளில் இறங்கினால் அது ஒரு தொகையாகிவிடும். அந்தத் தொகை இல்லாமலும் வீடு ஓடுமானால் இறங்கலாம், ஓடாதென்றால் முயற்சியை இன்னும் சிறிதாக்க வேண்டும். இரண்டாவது, பழையதைக் கைவிடாமல் அதன் பக்கத்திலேயே புதியதைச் செய்ய வேண்டும். அப்போதுதான் ஒப்பிட முடியும். மூன்றாவது, எதை அளப்பது, எப்போது நிறுத்துவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் முதல் மஞ்சள் இலையைக் கண்டதும் கைவிட்டுவிடுவோம், அல்லது வீம்புக்காக இழுத்துக்கொண்டே போவோம். நாலாவது, கூட ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நட்டமும் பகிரப்படும், ஊர்ப் பேச்சும் பகிரப்படும்.

சின்னத் துண்டையும் இழக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். அரை ஏக்கரை நம்பி ஐந்து பேர் சாப்பிடும் வீட்டில் “ஒரு மூலையை ஒதுக்கு” என்று சொல்வதும் கொடுமை. அவர்களுக்காக மற்றவர்கள் முன்வர வேண்டும். கமக்காரர் அமைப்பு பொது நிலத்தில் ஒரு துண்டைச் செய்து காட்டலாம். வசதியான கமக்காரர் ஒருவர் தன் வயலில் ஓர் ஏக்கரை ஊருக்காக விட்டுக்கொடுக்கலாம். காப்புறுதி, உரிய நேரத்தில், அலைக்கழிக்காமல் கைக்கு வர வேண்டும். இந்த நாட்டில் நெல்லுக்கான காப்புறுதி 1958இலேயே முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது. வெள்ளம் வடிந்த மறுவாரமே ஈடு கிடைக்கும் என்று ஒரு கமக்காரர் நம்பும் நாளில், புதிய விதையைப் பற்றி நாங்கள் அவரிடம் மன்றாட வேண்டியிருக்காது.

ஐப்பசி மழைக்கு முன் பெரும்போகக் கூட்டங்கள் நடக்கும். எந்தக் கண்டத்தில் எப்போது விதைப்பு, எப்போது தண்ணீர் என்று தீர்மானிப்பார்கள். என் இடத்துக்கு வந்திருக்கும் இளம் போதனாசிரியர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அந்தக் கூட்டத்தில் புதிய முறையின் பெருமையைச் சொல்லத் தொடங்குமுன், அது பிழைத்தால் யார் எவ்வளவு தாங்குவது என்பதைப் பேசி, குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். பிள்ளையிடம் புதிய பாடம் பற்றிப் பேசும் பெற்றோரும் அந்த ஒழுங்கிலேயே பேசட்டும். மனைவி ஒரு தொழில் தொடங்க நினைக்கும்போது கணவரும் அப்படியே முதலில் கணக்கைப் பேசட்டும். தாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தபின், எங்கள் சனத்தைப் போலத் துணிந்து இறங்குகிறவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.